ஒரு வேளை மருந்தா, ஐந்து நாள் மருந்தா?

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே விடயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. கருப்பையைக் கழுவுதல் (அதாவது உள்ளே தங்கியதை எடுத்து வெறுமையாக்குதல்), கருப்பைக்குள் கமராக் குழாய் செலுத்திப் பார்த்தல், லூப் என்னும் கருத்தடைச் சாதனத்தைக் கருப்பைக்குள் வைத்தல் போன்ற சிறு சிகிச்சைகளுக்குப் பின் கிருமித்தொற்று வருமா என்றும், அதைத் தடுக்க அன்ரிபயோற்றிக் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாவது வாரத்தில் ஸ்கான் செய்தபோது கருவின் இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். ஐந்து நாட்களுக்கு முன் அரசாங்க வைத்தியசாலையில் கருப்பையைக் கழுவினார்கள். தியேட்டருக்குக் கொண்டுபோக ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது விடுதியில் இரண்டு வகை மாத்திரைகளை விழுங்கத் தந்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது பனடோலைத் தவிர வேறெதுவும் தரவில்லை. சென்ற வருடம் இதே சிகிச்சையைத் தனியார் வைத்தியசாலையில் செய்துகொண்ட என் மச்சாளுக்கு ஐந்து நாளுக்கு இரண்டு வகை அன்ரிபயோற்றிக் கொடுத்திருந்தார்கள். "மருந்து இல்லாதபடியால்தான் உன்னை வெறுங்கையோட அனுப்பிப்போட்டினம்" என்கிறா மாமி. எனக்குக் காய்ச்சல் இல்லை, இரத்தப்போக்கும் குறைந்து வருகிறது. பாமசியில் அதே மருந்துகளை வாங்கிப் போடலாமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: இழப்பின் துயரத்தோடு இந்தக் குழப்பமும் சேர்ந்திருப்பது வருத்தத்துக்குரியது. வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய மருந்து உங்களுக்குத் தரப்பட்டுவிட்டது. தியேட்டருக்குப் போகுமுன் விழுங்கிய அந்த இரண்டு வகை மாத்திரைகளே அது.

மாமியின் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2022இல் பனடோலுக்குக்கூட வரிசையில் நின்ற ஞாபகம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் தடுப்பு மருந்தைப் பொறுத்தவரையில் எத்தனை நாள் எடுத்தோம் என்பதைவிட எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதே பெரிது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெண்ணின் பிறப்புவழியில் எந்நேரமும் பல இனக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுள் பல அங்கிருப்பது நன்மைக்கே. கருப்பை வாயில் இருக்கும் கெட்டியான சளி, அவை மேலே ஏறாதபடி ஓரளவுக்குக் காக்கிறது. சிகிச்சையின்போது அந்த வாயைச் சற்று விரித்துக் கருவியைச் செலுத்தும்போது, எவ்வளவு துப்புரவாகச் செய்தாலும் சில கிருமிகள் கருவியோடு சேர்ந்து உள்ளே போய்விடும். உள்ளேயோ, நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், விழுந்து தோலுரிந்த முழங்காலைப் போலப் பச்சைப் புண்ணாக இருக்கிறது. கிருமி அங்கே போய் ஒட்டிப் பெருகத் தொடங்கும் அந்த முதல் சில மணித்தியாலங்களில் இரத்தத்திலும் திசுவிலும் மருந்து போதியளவு இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மருந்துமாகச் சேர்ந்து வேலையை முடித்துவிடும். அந்த நேரம் தவறிய பின் கொடுப்பது, கள்ளன் வீட்டுக்குள் புகுந்த பிறகு படலையைச் சாத்துவது போன்றது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் பேர்க் 1961இல் கினிப்பன்றிகளின் தோலுக்குள் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி சேருமுன் மருந்து உடம்பில் இருந்தால் புண் மிகச் சிறியதாக இருந்தது. மூன்று மணித்தியாலம் கடந்த பின் கொடுத்தால், கொடுத்ததற்கும் கொடாததற்கும் வித்தியாசமே இல்லை. முப்பது வருடங்களின் பின், 1992இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பலவகைச் சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்ட 2,847 நோயாளிகளின் விபரங்களை ஆராய்ந்தபோதும் அதே கதைதான். வெட்டுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 வீதத்தினருக்கே காயத்தில் தொற்று வந்தது. வெட்டி மூன்று மணித்தியாலத்துக்கும் பிந்திப் பெற்றவர்களில் அது 3.3 வீதம். மிக முந்திப் பெற்றவர்களும் தப்பவில்லை. அவர்களில் 3.8 வீதத்தினருக்குத் தொற்று வந்தது.

உங்களுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றியே ஒரு பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மலாவி, பாகிஸ்தான், தன்சானியா, உகண்டா ஆகிய நாடுகளில், கருச்சிதைவின் பின் கருப்பை கழுவப்பட்ட 3,412 பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பாதியினருக்குச் சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு வேளை 400 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும் 400 மில்லிகிராம் மெற்றோனிடசோலும் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. இரண்டு வாரத்துக்குள் இடுப்பறைத் தொற்று ஏற்பட்டவர்கள், மருந்து பெற்றவர்களில் 4.1 வீதம், பெறாதவர்களில் 5.3 வீதம். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் மருந்து நிச்சயமாகப் பயன் தந்தது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் காய்ச்சல், சீழ்ப்போக்கு, கருப்பையில் தொட்டால் வலி, வெண்குருதிக் கலங்களின் அதிகரிப்பு என்னும் நான்கில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்று கண்டிப்பாக வரையறுத்துப் பார்த்தபோது, 1.5 வீதம், 2.6 வீதம் என்று மருந்தின் பக்கம் தராசு தெளிவாகச் சாய்ந்தது.

இந்த எண்களை நான் வாசிக்கும் விதம் இது: வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் தொற்று வரவேயில்லை, ஒரு வேளை மருந்து அந்தச் சிறிய ஆபத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கக்கூடும், மலிவானது, தீங்கு குறைந்தது, ஆகவே கொடுப்பது நியாயம். அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர் கல்லூரி 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் கருப்பையை வெறுமையாக்கும் சத்திரசிகிச்சைக்கு முன் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினை ஒரு வேளை மாத்திரமே கொடுக்கச் சொல்கிறது. தடுப்புக்காகத் தொடங்கிய மருந்தைச் சத்திரசிகிச்சை முடிந்த பின் நாட்கணக்கில் நீட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பொதுவாகவே எல்லாச் சத்திரசிகிச்சைகளுக்கும் சொல்லிவிட்டது.

அப்படியானால் மச்சாளுக்கு ஏன் ஐந்து நாள்? அவருடைய டயக்னோசிஸ் காட்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அனுமதிக்கும்போதே அவருக்குக் காய்ச்சலோ நாற்றமுள்ள போக்கோ இருந்திருந்தால், அந்த ஐந்து நாள் மருந்து தடுப்பல்ல, சிகிச்சை. அப்போது அதைக் குறைக்கவும் கூடாது. அப்படி ஒன்றும் இல்லாமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதப்பட்டிருந்தால், அது பழக்கத்தால் எழுதியது. என்னுடைய ஆரம்ப வருடங்களில் நானும் அப்படி எழுதியவர்களில் ஒருவர்தான். பின்னால் தொற்று வந்தால் 'மருந்து தராமல் விட்டீர்களே' என்று கேட்பார்களோ என்ற பயமும் அந்தப் பழக்கத்துக்குள் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தேவையில்லாத அன்ரிபயோற்றிக்குக்கும் விலை உண்டு. வயிற்றோட்டம் வரும், நல்ல கிருமிகளும் அழிவதால் பங்கசு பெருகி, தயிர்போன்ற வெள்ளைபடுதலும் அரிப்பும் வரும், எஞ்சும் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறும். டொக்சிசைக்கிளினுக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பெண், நெஞ்சு எரிந்து துப்பலைக்கூட விழுங்க முடியாமல் என்னிடம் வந்தார். அலுமாரியில் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்த சகோதரியின் மிச்ச வில்லையை, படுக்கைக்குப் போகும் நேரம் அரை வாய்த் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு உடனே சரிந்திருக்கிறார். வில்லை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிட்டது. எழுதித் தரப்பட்டவர்கள்கூட அதை ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு, நிமிர்ந்திருந்து விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பாலோ இரும்புச்சத்து மாத்திரையோ அதே வேளையில் கூடாது. இரண்டும் மருந்தை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: நான் நெடுந்தீவில் இருக்கிறேன். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கருப்பை உட்சுவரைச் சுரண்டிப் பரிசோதிக்கப் போகிறார்கள். இரவில் காய்ச்சல் வந்தால் எங்களுக்குப் படகு இல்லை. கொக்குவிலில் இருப்பவர்களுக்குச் சொல்லும் புத்திமதி எங்களுக்குப் பொருந்துமா? ஐந்து நாள் மருந்தைக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பில்லையா?
— வாசகி, நெடுந்தீவு

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. நகரத்தில் இருந்து எழுதுபவர்கள் நெடுந்தீவுப் படகு வந்துபோகும் குறிகாட்டுவான் துறையை மறந்துவிடுகிறோம். ஆனாலும் மருந்துப் பொதியைக் கையில் தருவதைவிட வேறு ஏற்பாடு சிறந்தது என்றே நினைக்கிறேன்.

தொற்று வருமானால் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலோ பண்ணைப் பாலத்துக்கு இப்பால் வேலணையிலோ உறவினர் இருந்தால் முதல் மூன்று நான்கு நாட்களை அங்கே கழியுங்கள். ஊருக்குத் திரும்பிய பின், பாமசியில் ஒரு வெப்பமானி வாங்கி, காலையில் ஒருமுறையும் கடைசிப் படகு புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு ஒருமுறையும் சூடு பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பார்த்து 38 பாகை என்று தெரிந்துகொள்வதால் உங்களுக்கு என்ன பயன்? 38 பாகை செல்சியஸ், அதாவது பழைய வெப்பமானியில் 100.4, அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே புறப்பட வேண்டும். அடிவயிற்று வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடிவந்தாலும், போக்கு அழுகல் மணத்தோடு இருந்தாலும், குளிர்நடுக்கம் வந்தாலும் அப்படியே. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பெரிய பாட் முழுதாக நனைந்து, அது அடுத்த மணித்தியாலமும் தொடர்ந்தால் படகுக்குக் காத்திருக்கவே கூடாது. நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலைக்கு உடனே போங்கள். அங்கிருந்து மாற்றும் ஏற்பாட்டை அவர்கள் பார்ப்பார்கள். உங்களை அனுப்பிய நிபுணர் தரும் கடிதத்தின் பிரதி ஒன்றை முன்கூட்டியே அங்கே கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

வீட்டில் தானாக மருந்து தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். இடுப்பறைத் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒரே மருந்து போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். பாதி மருந்து காய்ச்சலைத் தணித்து நோயை மறைத்துவிடும். மற்றது டெங்கு. எங்கள் பக்கத்தில் கார்த்திகை தொடங்கித் தை வரை, வடகீழ்ப் பருவமழையோடு அது கூடிவரும். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் காய்ச்சலெல்லாம் சத்திரசிகிச்சையால் வருவதன்று. மார்கழி மாதத்தில் நான்காம் நாள் காய்ச்சல் என்று ஒருவர் வந்தால், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அதே வேளையில் இரத்தக் கலங்களை எண்ணிப் பார்க்கும் எவ்.பி.சி. பரிசோதனையையும் எழுதிவிடுவோம். இந்தச் சிறு சிகிச்சைகளின் பின் வலிக்கென்று டைக்குளோபினக் மாத்திரை தருவது வழக்கம்; டெங்குக் காய்ச்சலில் அதுவும் ஐபுபுறூபனும் இரத்தக்கசிவுக்கு வழிவிடும். ஆகவே காய்ச்சல் தொடங்கியதும் அவற்றை நிறுத்திவிட்டுப் பனடோல் மட்டும் எடுங்கள். அதுவும் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது.

கேள்வி: குடும்பநல உத்தியோகத்தர் லூப் வைக்கச் சொல்கிறா. அதனால் கருப்பையில் சீழ் பிடிக்கும் என்று அயலில் சொல்கிறார்கள். வைக்கும்போது அன்ரிபயோற்றிக் கேட்டு வாங்க வேண்டுமா?
— வாசகி, நெல்லியடி

பதில்: வேண்டியதில்லை. லூப் வைத்த 22,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் திரட்டிய தரவுகள் 1992இல் வெளியாயின. முதல் இருபது நாட்களில் மட்டும் தொற்று ஆபத்து கூடியிருந்தது. பிறகு அது மிகவும் தாழ்ந்து, வருடக்கணக்கில் அப்படியே இருந்தது. அதாவது லூப் அங்கே இருப்பதால் சீழ் பிடிப்பதில்லை. வைக்கும் வேளையில் ஏற்கெனவே இருந்த தொற்று மேலே தள்ளப்படுவதே காரணம். எனவே நாற்றமுள்ள போக்கு, அடிவயிற்று வலி, உறவின் பின் இரத்தம் படுதல் ஏதாவது இருந்தால் வைக்குமுன் சொல்லிவிடுங்கள். அதைக் குணமாக்கிவிட்டு வைக்கலாம். பின்னாளில் தொற்று வந்தாலும் லூப்பை உடனே கழற்ற வேண்டும் என்றில்லை. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால்தான் கழற்றுவதைப் பற்றி யோசிப்போம்.

கேள்வி: பதினொரு வயதில் எனக்கு வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறேன். கருப்பைக்குள் இருக்கும் சிறு தசை வளர்ச்சி ஒன்றைக் கமராக் குழாய் மூலம் எடுக்கப்போகிறார்கள். இதயத்துக்குக் கிருமி போகாமலிருக்க மேலதிக மருந்து வேண்டாமா? பல்லுப் பிடுங்கியபோது தந்தார்களே.
— வாசகி, சுன்னாகம்

பதில்: முன்பு நாங்கள் கொடுத்துவந்தோம், இப்போது கொடுப்பதில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் 2007இலும், இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி நிறுவனம் 2008இலும் இந்த வழக்கத்தை மீளாய்வு செய்து, இதய உட்சுவர்த் தொற்றைத் தடுப்பதற்கென்று மாத்திரம் பெண்நோயியல், சிறுநீர்வழிச் சிகிச்சைகளுக்கு முன் அன்ரிபயோற்றிக் கொடுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தன. பல்லின் கதை வேறு. வாய்க் கிருமிகள் வால்வில் ஒட்டும் தன்மை கூடியவை. அங்கும்கூட யாருக்குக் கொடுப்பது என்ற வட்டம் பல நாடுகளில் சுருங்கிவிட்டது. கமராக் குழாய்ச் சிகிச்சைக்கும் வழமையாகத் தடுப்பு மருந்து அவசியமில்லை.

இதற்காக உங்கள் பென்சிலின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். அது வாதக்காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடுவது; இரண்டும் வேறு வேறு விடயங்கள். உங்களுக்குச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தால், அல்லது இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வோபரின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், திகதி குறிக்கும்போதே இருதய கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். மயக்க மருந்து தரும் வைத்தியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கருப்பை கழுவிய பின் எத்தனையாம் நாள் முழுகலாம்? அம்மா நொச்சி, வேப்பிலை அவித்த தண்ணீர் வைத்துத் தருகிறா. டெற்றோல் கலந்து உள்ளே கழுவினால் கிருமி சாகும் என்று அக்கா சொல்கிறா. எதைக் கேட்பது?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: அம்மாவைக் கேளுங்கள், அக்காவைக் கேட்க வேண்டாம். நொச்சித் தண்ணீரில் உடம்பைக் கழுவுவதால் கெடுதியில்லை, அலுப்பும் தீரும். ஆனால் பேசினில் ஊற்றி அதற்குள் இடுப்பை அமிழ்த்தி இருக்க வேண்டாம். கிணற்றில் அள்ளி ஊற்றி மறுநாளே முழுகலாம். மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்க வேண்டும், கிணற்றடியில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். துடக்குக் கழிந்த பின் கீரிமலைக்குப் போய் முழுகுவது சில குடும்பங்களில் வழக்கம். இரத்தப்போக்கு முற்றாக நிற்கும்வரை கேணியும் கடலும் வேண்டாம்.

டெற்றோல், சவர்க்காரம், மஞ்சள் தண்ணீர், எதுவாயினும் உள்ளே விட்டுக் கழுவக்கூடாது. நான் மேலே சொன்ன நல்ல கிருமிகளைத்தான் அது முதலில் கொல்லும். அவை போன வெற்றிடத்தில் கெட்டவை குடியேறும். கழுவும் தண்ணீரே திறந்திருக்கும் கருப்பை வாயூடாகக் கிருமியை மேலே தள்ளவும் கூடும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். பாட்டை நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துணி பாவிப்பவர்கள் அதைக் கொல்லைக்குள் இருட்டில் ஒளித்துக் காயவிடும் வழக்கத்தை விட்டு, மேலே ஒரு மெல்லிய சீலையைப் போட்டாவது நல்ல வெயிலில் காயவிட வேண்டும். உறவை இரத்தம் நின்ற பின், குறைந்தது ஒரு வாரமாவது கழித்து வைத்துக்கொள்ளலாம். மாதவிலக்கு வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரமாகும். ஆனால் முட்டை இரண்டு வாரத்திலேயே வெளியாகக்கூடும் என்பதால், உடனே கரு வேண்டாம் என்பவர்கள் மாதவிலக்குக்குக் காத்திராமல் குடும்பத்திட்ட முறையைத் தொடங்க வேண்டும். பத்தியச் சாப்பாட்டை நான் தடுக்கமாட்டேன், சரக்குக் கறியில் மீனும் உள்ளியும் போதியளவு இருக்கட்டும். ஆனால் தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்குக் கருச்சிதைவின் பின் கருப்பையைக் கழுவுமுன் மருந்து கொடுத்தார்கள் என்று காட்டில் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் எட்டாம் நாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்து, மறுபடி அனுமதித்து ஊசி மூலம் மருந்து ஏற்றி, திரும்பவும் கழுவினார்கள். இது வைத்தியசாலையின் தவறா? நாங்கள் இனிப் பிள்ளை பெறலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: நீங்கள் தந்த விபரத்தை வைத்துத் தவறு என்று சொல்ல முடியாது, தவறே இல்லை என்று சான்றிதழ் தரவும் முடியாது. அன்ரிபயோற்றிக் கண்டுபிடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பு, 1847இல், வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தே பிரசவக் காய்ச்சல் மரணங்களைப் பெருமளவு குறைத்தார். கையும் கருவியும் துப்புரவாக இல்லாத இடத்தில் எந்த மாத்திரையும் பாதுகாக்காது. ஆனால் அவை எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்குத் தொற்று வரத்தான் செய்கிறது. மேலே சொன்ன ஆய்விலும் மருந்து பெற்ற நூறு பேரில் நான்கு பேருக்கு வந்ததல்லவா?

உங்கள் மனைவிக்குத் திரும்பக் கழுவ வேண்டியிருந்தது என்பதே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நச்சுக்கொடியின் சிறு துண்டு உள்ளே தங்கியிருந்தால் அதற்கு இரத்தவோட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமிக்கு அது தீன்போட்ட கூடு. கண்ணால் பார்க்காமல் கைப்பக்குவத்தால் செய்யும் சிகிச்சை என்பதால் அனுபவசாலிகளின் கையிலும் சிலசமயம் துண்டு தங்கிவிடும். முதலில் மருந்தை ஏற்றத் தொடங்கி, பிறகு தாமதிக்காமல் அதை அகற்றுவதே சரியான வழி. உங்கள் மனைவிக்கு அதையே செய்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தையும் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். கிளமிடியா என்ற பாலியல் தொற்று பல வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் ஆணிடமும் பெண்ணிடமும் இருக்கக்கூடும். கருவி உள்ளே போகும்போது அது மேலே ஏறும். யார்மீதும் பழி சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் பல வேளைகளில் வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்கு இருந்தால் இருவரும் ஒரே காலத்தில் மருந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். மனைவியின் பரிசோதனை முடிவில் அது இருந்ததா என்று கேளுங்கள். பரிசோதிக்கப்படவில்லையென்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருவரும் பரிசோதித்துக்கொள்ளலாம். கட்டணமில்லை, விபரம் வெளியே போகாது.

பிள்ளையைப் பற்றி: எட்டாம் நாளே கொண்டுபோனது நல்லது. தொற்றைத் தாமதிக்கும்போதுதான் சூலகக் குழாய்கள் ஒட்டிப்போகும் ஆபத்துக் கூடுகிறது. விரைவில் மருந்து பெற்ற பெண்களில் பெரும்பாலானோர் பின்னர் கருவுறுகிறார்கள். தந்த மாத்திரைகளை நாள் குறையாமல் முடித்து, வலி முற்றாக நீங்கி, ஒரு மாதவிலக்காவது ஒழுங்காக வந்த பின் முயற்சிக்கலாம். மாதவிலக்கு இரண்டு மாதமாகியும் வராவிட்டால், அல்லது முன்பு வந்ததைவிட மிகக் குறைவாக வந்தால், இரண்டு முறை கழுவிய கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்போது காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள். கரு தங்கினால், தொற்றுக்குப் பின் அது குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்புச் சற்றுக் கூடியிருப்பதால், வழமைபோல் பன்னிரண்டாம் வாரம்வரை காத்திருக்காமல் ஆறாம் ஏழாம் வாரத்திலேயே ஒரு ஸ்கான் செய்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.